அரைக் கட்டை கீழே

மாஸ்டர் டீ டம்ளரைக் கீபோர்டின் மேல் வைத்தார். அது ஒன்றும் புதிதல்ல. ஒரு வருஷமாக அந்தக் கீபோர்டு அவருக்கு மேசைதான். போன், மூக்குக்கண்ணாடி, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் அதன் வெள்ளைக் கட்டைகளின் மேல்தான் குடியிருக்கும். அன்றைக்கு டம்ளருக்குப் பக்கத்தில் நகத்தளவு மெமரி கார்டையும் வைத்துவிட்டு, அதைச் செருகும் ரீடரைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவினார். முழங்கை இடித்தது. பாய்ந்து டம்ளரைப் பிடித்துவிட்டார். கார்டு இரண்டு கட்டைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் இறங்கி மறைந்தது.

"ஐயையோ" என்றார் மாஸ்டர். டீயைக் காப்பாற்றிய கை இன்னும் அந்தரத்திலேயே இருந்தது.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறை அது. வெளியே அரங்கில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஏதோ கம்பெனியின் ஆண்டு விழா. பேச்செல்லாம் முடிந்ததும் பாட்டு. பாட்டுக்கான வாத்தியங்கள் முழுக்க, புல்லாங்குழலிலிருந்து கைத்தட்டல் வரை, அந்தக் கார்டுக்குள் பதிவாகி இருந்தன.

"போன்ல இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டான் டிரம்ஸ்காரன்.

"இடம் பத்தலைன்னு நேத்துதான்டா அழிச்சேன்."

கார்டு வந்த புதிதில் பேஸ் கிடார்காரர் குழுவை விட்டுப் போனார், பிறகு புல்லாங்குழல்காரர் போனார். மிஞ்சியது மாஸ்டர், பாடுகிற அவர் மனைவி, ஒயரைப் பிடுங்கிவிட்ட எலக்ட்ரானிக் டிரம்ஸைத் தட்டுகிற இவன், அப்புறம் தங்கச்சி. மாஸ்டரின் கூடப் பிறந்தவள் என்பதால் குழுவில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். அவளைவிடச் சின்னவனான டிரம்ஸ்காரனும் வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவான்.

கீபோர்டு அவளுடையது. ஆனால் மேடையில் அது ஊமை. கார்டிலிருந்து டிராக் ஓடும், அவள் விரல்களை ஓட்ட வேண்டும், முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் ஒரு விருந்தில் பாட்டு முடிந்ததும் ஓர் அம்மாள் ஆசையாக மேடையேறி, "நடுவுல ஒண்ணு வாசிச்சீங்களே, அதை மட்டும் மெதுவா இன்னொரு தடவை வாசிங்களேன்" என்று கேட்டாள். ஒயர் பழுது என்று தங்கச்சி புளுகினாள். பொய் சொன்ன வாயைவிட, சும்மா கிடந்த விரல்கள்தான் அவளுக்கு அதிகம் கூசின. வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினமும் வாசிக்கிறவள் அவள்.

இதற்கெல்லாம் காரணம் அவளேதான் என்பது மாஸ்டரின் வாதம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. ஒரு நிகழ்ச்சியில் முந்தின பாட்டுக்கு இறக்கி வைத்ததை மறுபடி ஏற்ற மறந்துவிட்டாள். அண்ணி ஒரு சுருதியில் பாட, இவள் வேறொரு சுருதியில் கம்பீரமாக நுழைந்தாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் மாஸ்டருக்கு மானம் போயிற்று. அடுத்த வாரமே டிராக் வந்தது.

மாஸ்டர் இப்போது கீபோர்டைக் கவிழ்த்துக் குலுக்கினார். உள்ளே கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது. அண்ணியின் கொண்டை ஊசியை விட்டு நோண்டினார். கார்டு இன்னும் உள்ளே போயிருக்கும்.

"நகரு அண்ணே" என்றாள் தங்கச்சி. கைப்பையில் சீப்புக்குப் பக்கத்திலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது. மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

"இதை எப்பக் கத்துக்கிட்ட?"

"ஒரு கட்டை பேசாமப் போச்சுல்ல, அப்போ. நீ கவனிக்கல."

மேசையில் போர்வையை மடித்துப் போட்டு, அதன் மேல் கீபோர்டைக் கவிழ்த்து வைத்தாள். நீள ஸ்க்ரூ ஒரு பக்கம், குட்டை ஸ்க்ரூ ஒரு பக்கம். அடிமூடியைத் தூக்கியதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பிஸ்கட் தூள். கட்டைகளின் ஓரமெல்லாம் காய்ந்துபோன டீக்கறை. இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தால் கீபோர்டு நிஜமாகவே ஊமையாகியிருக்கும். கைக்குட்டையை ஈரமாக்கிப் பிழிந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"கார்டை எடுத்தாப் போதும்மா. துடைக்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் நிதானமாகத் துடைத்தாள். கார்டு உள்ளே ஒரு மூலையில் சமர்த்தாகக் கிடந்தது. விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்தாள். இத்தனூண்டு. இதற்காகத்தான் இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, அதை அதே மூலையில் அசையாமல் ஒட்டினாள். மூடியை மேலே வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கத் தொடங்கினாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எங்க, குடு."

"உள்ளயே இருக்கட்டும். பத்திரமா இருக்கும்."

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "விளையாடுறியா? வெளியே ஜனம் வந்து உட்கார்ந்தாச்சு!"

"உட்காரட்டும். நான் வாசிக்கிறேன்."

"நீ வாசிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? மறுபடி எல்லாரும் சிரிக்கணுமா?"

"சிரிச்சா என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்." கடைசி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "ஒரு வருஷமா ஒரு தப்புகூடப் பண்ண முடியாம நிக்கிறேன் அண்ணே. போதும்."

ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் திணித்தாள். "வேணும்னா நீயே கழட்டி எடுத்துக்கோ."

மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார், வரிசையாக இருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தார், கடைசியில் மனைவியிடம் முறையிட்டார். "நீயாவது சொல்லேன். டிராக் தப்பே பண்ணாது."

அண்ணி மூலையில் வெந்நீரை வைத்துக்கொண்டு தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகவே இருமல். துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள்.

"தப்பு பண்ணாது. கொஞ்சம் இறங்கியும் வராது" என்றாள். பிறகு தங்கச்சியிடம் திரும்பினாள். "சுருதியை அரைக் கட்டை கீழே வச்சுக்கறியா? மேல போனா இன்னைக்கு எனக்குக் குரல் நிக்காது."

"வச்சுக்கறேன் அண்ணி."

டிரம்ஸ்காரன் பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்த ஒயரை எடுத்து, ஊதித் தூசி தட்டினான்.

மேடையில் விளக்குப் போட்டார்கள். அறிவிப்பாளர் குழுவின் பெயரை இல்லாத அடைமொழிகளோடு முழங்கினார். தங்கச்சி சுருதிப் பொத்தானை ஒரு முறை அழுத்தினாள். சின்னத் திரையில் பூஜ்யம் போய், கழித்தல் குறியோடு ஒன்று வந்தது. நன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டாள். அண்ணி மைக்கைப் பிடித்தாள். தங்கச்சி முதல் கட்டையை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை.

மேடை ஓரத்து ஒலி மிக்ஸருக்குப் பக்கத்தில் மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கச்சி என்று துண்டுக் காகிதம் ஒட்டிய, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர், ஒரு வருஷமாகக் கிடக்கிற இடத்திலேயே, அடியில் கிடந்தது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அதற்கடுத்து ஒரு சின்னச் சிரிப்பு. தங்கச்சிக்குக் காது சூடேறியது. அவள் எழுந்தாள். அத்தனை பேரும் பார்க்க மேடையின் குறுக்கே நடந்துபோய், அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டி, தன் பெயருள்ள ஸ்லைடரை உச்சிவரை தள்ளினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

இந்த முறை வந்த சத்தத்தில் முன்வரிசை நாற்காலிகள் அதிர்ந்தன. குறைத்துத் தொலை என்று மாஸ்டர் சைகை காட்டினார். கையில் இன்னும் அந்த ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. மறு கை ஸ்லைடரை நோக்கிப் போவதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இரண்டாவது கையையும் கட்டைகளில் இறக்கினாள். அரைக் கட்டை கீழே, அண்ணி பாட வாயைத் திறந்தாள்.