சித்தப்பா வயலில் நட்ட குழாய்கள்

எங்கள் கல்லூரி சின்னது. அதில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே வேனில் அடங்கிவிடுவோம்.

இறுதியாண்டு ஆய்வுக்குக் குத்தாலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வயலையே எடுத்துக்கொண்டேன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை நெல்லுக்கு நடுவே பாதி புதைத்தால், மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மேலே காய்ந்தாலும் உள்ளே தண்ணீர் தெரிந்தால் பாய்ச்ச வேண்டாம். சித்தப்பா ரெத்தினம் தன் வயலைத் தந்தார். தந்த கையோடு, யாரிடமும் மூச்சு விடாமல், மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்விட்டார்.

நானும் வகுப்புத் தோழன் ஹஸ்ஸானும் குழாய்களை நட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் அவசரமாக வேனில் திரும்பினோம். மறுநாள் வந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்தப் பருவத்தை விட்டால் ஆய்வு போச்சு, பட்டமும் தள்ளிப்போகும்.

பிடுங்கியது வேறு யாருமல்ல, என் அம்மா கலைமகள். வயல்களில் எரிவாயுக் கிணறு வேண்டாம் என்று போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்த பெண்களுக்கு அவள்தான் தலைவி. யாரோ வேனில் வந்து வயலில் குழாய் இறக்கினார்கள் என்று கேள்விப்பட்டதும், எரிவாயுக்காரர்கள்தான் என்று படையோடு கிளம்பிவிட்டாள். குழாய்கள் எங்கள் வீட்டு வாசலில் கிடந்தன.

"யாருதுன்னு கேக்காம நீ பாட்டுக்குப் புடுங்கிட்டியேம்மா!"

"வயல்ல பைப்பு எறக்குறவன்கிட்ட நின்னு வெசாரிச்சுக்கிட்டா இருப்பாங்க? நீதான் சொல்லியிருக்கணும்."

"சித்தப்பா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"அவரு அங்க பந்தியில உக்காந்திருக்காரு."

கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவை இழுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். மேல்மண் காய்ந்து லேசாக வெடித்திருந்தது. ஒரு குழாயை அழுத்தி நட்டு, உள்ளே இருந்த சேற்றை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மெதுவாகத் தண்ணீர் ஊறி நின்றது.

அம்மா குனிந்து பார்த்தாள். "அட, கீழ இருக்குடி!" என்றவள், பக்கத்து வயலில் நின்ற கண்ணாத்தாளையும் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மிச்சக் குழாய்களை அவர்களே நட்டார்கள்.

அடுத்த வாரம் எங்கள் பேராசிரியர் அண்ணாதுரை, குழாய்களைச் சரிபார்க்கத் தனியாக ஊருக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது.

"கயல்விழி, என்னைய வயல்ல எறங்கவே விட மாட்டேங்குறாங்கம்மா. காலேஜ் கார்டு காட்டியும் நம்பல."

அவருக்குப் பின்னால் அம்மாவின் குரல் ஓங்கிக் கேட்டது: "எம் பொண்ணு தண்ணி பாக்க வச்ச பைப்பு சார் இது. அவ சொன்னாத்தான் தொடலாம்."