பழைய கவிதையில் ஒரு ‘நீ’

பரீட்சை மண்டபத்தின் கதவை பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். ஒன்பதேகாலுக்கு அவளுடைய ஹால் டிக்கெட்டைக் காணோம். மூன்றாவது தடவையாக எழுதுகிறாள். இதிலும் தவறினால் பட்டம் கிடையாது.

“ஹால் டிக்கெட்டைப் பார்த்தீங்களா?”

தையல் மிஷின் முன்னால் இருந்த கணவன் நிமிரவில்லை. “என்கிட்டதான் இருக்கு. முதல்ல இது யாருன்னு சொல்லு.” சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். அவள் கையெழுத்து. “‘நீ வந்தால் என் படகையே உனக்கு வீடாக்குவேன்.’ யாரு இந்த நீ? பன்னிரண்டு வருஷத்துல என்னை ஒரு தடவை நீன்னு கூப்பிட்டிருப்பியா?”

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். “படகாவது! மழைத்தண்ணி தேங்கினாலே தாண்டப் பயப்படுவாடா அவ!”

அவன் சிரிக்கவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கோபப்பட நேரமில்லை.

“பாடம்ங்க. பழைய இங்கிலீஷ் காதல் கவிதை ரெண்டு. ஒப்பிட்டு எழுதணும். அந்தக் காலத்துல அவங்களுக்கும் நம்மள மாதிரி நீயும் இருந்துச்சு, நீங்களும் இருந்துச்சு. ஒருத்தர் காதலியை ‘நீ’ங்கறார், இன்னொருத்தர் ‘நீங்க’ங்கறார். புரியறதுக்காகத் தமிழ்ல எழுதிப் பார்த்தேன். பின்பக்கம் பாருங்க.”

திருப்பினான். ‘நீங்கள் நடந்துபோன வாசலை நான் இன்னும் பெருக்கவில்லை.’ அதன் கீழே, ‘எது பெரிய காதல்? ஏன்?’ மீதி வெற்றுத்தாள்.

“எதுதான் பெரிசு?” குரல் இறங்கியிருந்தது.

“தெரியலைங்க. ரெண்டு தடவையும் அங்கதான் கோட்டை விட்டேன்.”

அவனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. உண்மையான வெட்கம் மனிதனை உட்காரவிடாது. ஹால் டிக்கெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி கதவை இழுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்னால் அவன் ஓடினான்.

“அண்ணே, ஒரு நிமிஷம்! என் வீட்டம்மா. தாமதம் என்னாலதான். மூணு வருஷமா படிக்கறாங்க, அவங்களை விட்டுடுங்கண்ணே!”

அவங்க. அவன் தன்னை அப்படிச் சொல்வது அவள் காதில் முதல் தடவையாக விழுந்தது. காவலாளி அவன் முகத்தைப் பார்த்தார். கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றது.

வினாத்தாளில் அதே கேள்வி. அவள் கடவுளை ஒரு கணம் நினைத்துவிட்டு எழுதினாள்: ‘காதலியை எப்படிக் கூப்பிடுகிறான் என்பது பாதிதான். அவளைப் பற்றி மற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க வேண்டும்.’