அணில் தாவிய நொடி

ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டு மாடி ஒன்றில் ஷிஃபாவின் எடிட்டிங் ரூம் இருந்தது. அன்று மத்தியானம் மேகம் இறங்கி, ஜன்னலுக்கு அப்பால் மலை பாதிதான் தெரிந்தது.

மாரிச்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஹார்டு டிஸ்க்கோடு வந்திருந்தாள். வனத்துறை அனுமதி வாங்கி, செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற அணில்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். மரம் விட்டு மரம் அணில் தாவும் காட்சி மட்டும் அமையவே இல்லை.

"அம்புட்டையும் பாத்துட்டேன் ஷிஃபா. கூடு இருக்கு, அணில் உக்காந்து திங்கிது. தாவுததக் காணோம். நான் குனிஞ்சு கால்ல அட்டையப் பிடுங்குன நேரம் தாவிருச்சோ என்னவோ."

"கேமரா ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?"

"ஓடுச்சு. ஆனா ஒண்ணும் விழல."

ஷிஃபா டிஸ்க்கை மாட்டி, அந்த நேரத்து வீடியோக் கோப்பைத் திறந்தாள். படம் நின்று நின்று நகர்ந்தது. ஓர் இலை பாதி திரும்பி அப்படியே யோசனையில் நின்றது. ஒரு கிளையை மூடியிருந்த பனி திடீரென்று அடுத்த கிளையில் இருந்தது. யாரோ தூக்கத்தில் காணும் காடு மாதிரி இருந்தது.

"ஒங்க லேப்டாப்புலயும் இப்படித்தானா?"

"இதவிட மோசம்."

"அப்ப நீங்க முழுசாப் பாக்கலக்கா. மிஷின் திணறுனா நடுவுல உள்ள ஃபிரேமைத் தள்ளி விட்டுட்டுப் போயிரும்."

கேமரா பிடித்தபடியே இருக்கும் ‘ரா’ வீடியோவில் நிறம் இன்னும் நிறமாகியிருக்காது. கணினி புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டால்தான் பச்சை, பச்சையாகும். அந்த வேலை முழுவதையும் ப்ராசசர் தனியாகச் சுமக்க, கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடந்தது. ஷிஃபா செட்டிங்ஸில் எல்லாவற்றையும் கார்டுக்கு மாற்றினாள். கார்டின் மெமரி நிரம்பி, திரை கறுத்துப்போனது.

"போச்சா?" என்றாள் மாரிச்செல்வி.

"இல்லக்கா, செத்த நேரம் இருங்க."

சுருங்கிக் கிடக்கும் கோப்பை விரிக்கும் வேலையை ப்ராசசருக்கே திருப்பிக் கொடுத்தாள். நிறம் சேர்ப்பதை மட்டும் கார்டுக்கு விட்டாள். படத்தின் தெளிவைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டினாள். கார்டின் விசிறி இரைந்தது.

காடு மூச்சு விட்டது. பனி வழிந்தது, இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஆடின. திரையின் மேல் மூலையில் ஒரு சாம்பல் உருவம் கிளையை விட்டு எழுந்து, வால் பின்னால் விரிய, காற்றில் மிதந்துபோய் மறைந்தது.

"ஏட்டி!" மாரிச்செல்வி ஷிஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் நிறுத்தி, தெளிவை முழுசாக ஏற்றினாள் ஷிஃபா. அணிலின் வாயில் ஏதோ சுருண்டு தொங்கியது. பழம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அதற்குக் கண் மூடிய ஒரு முகம் இருந்தது.

"அது குட்டிதான்க்கா."

மாரிச்செல்வி திரைக்கு அருகில் குனிந்தாள். "அந்தக் கூட்டுக்குக் கீழதான் இத்தன நாளாக் காத்துக் கெடந்தேன். எனக்குப் பயந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருச்சு போல."

"அதுக்கு வேற காரணம் இருக்கலாம்லக்கா."

"இருக்கலாம். இனிமே அந்தப் பக்கம் கேமரா கொண்டுபோக மாட்டேன். தூர நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

பிறந்ததிலிருந்து அந்த மலைக்குக் கீழேயே இருந்தும் ஷிஃபா காட்டுக்குள் போனதில்லை. "நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் வெறுங்கையோடு போனார்கள். அணில் தாவிப்போன பக்கம், தூரத்து மரமொன்றின் உச்சியில் ஒரு புதுக்கூடு இருந்தது. அதில் அசைவில்லை. மேகம் மெல்ல இறங்கி அந்த மரத்தை மூடும்வரை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள்.