லிஃப்ட் மெக்கானிக்கின் தையல் விடுமுறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டுக்குள் கிடைத்தது. பல் வைத்தியரைப் பார்க்கப் போன கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நானும் என் பல்வலியும் மட்டும். நெடுநேரம் கழித்துக் கதவை நெம்பித் திறந்து, கை கொடுத்து என்னை மேலே தூக்கிவிட்டவனின் விரல்களில் வரிசையாகப் பிளாஸ்திரி. வேலையில் பட்ட காயமா என்று கேட்டேன்.

"இல்லைங்க, ஊசி குத்தினது. லீவுல பொண்ணுங்களோட உக்காந்து தைக்கிறேன்."

"என்ன தைப்பீங்க?"

"பொம்மை, பை, கையில என்ன கிடைக்குதோ அது." சிரித்தான். பிறகு கருவிப் பெட்டியை மூடிக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், "லீவுதான் முடியப் போகுது" என்றான்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது. லீவு எல்லார் வீட்டிலும்தான் முடிகிறது. அதை ஒருவன் அந்தக் குரலில் சொல்வானேன் என்று, வைத்தியர் என் பல்லோடு மல்லுக்கட்டிய நேரம் முழுவதும் யோசித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஊசி போட்டது சரியாக மரக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு இன்னொன்று போட்டார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மனைவி போன பிறகுதான் அவன் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொண்டான்.' (அடித்துவிட்டேன். இதைப் படித்ததும் நீங்கள் அவளைச் சாகடித்து மாலை போட்டுவிடுவீர்கள். அவள் சாகவில்லை.)

அடுத்து: 'விவாகரத்து என்பது' (கட்டுரை வாசனை. வேண்டாம்.)

அதற்கும் அடுத்து: 'சின்னவள் நூல் முனையை வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஒற்றைக் கண்ணை மூடி' (இது நன்றாகத்தான் வந்தது. ஆனால் இங்கே தொடங்கினால் சந்தோஷமான கதை என்று நம்பிக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.)

ஆகவே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். அவனும் அவளும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் பள்ளி நாட்களில் அம்மாவிடம், லீவில் அப்பாவிடம். ஒரே நகரம் என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவளுக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விமானம் ஏறித்தான் போக வேண்டும், அவ்வளவு தூரம். லீவு முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவன் சம்மதித்துவிட்டான். பிள்ளைகளுக்குத் தெரியாது.

"நீங்களே சொல்லிடுங்க," என்றாள் போனில். "நான் சொன்னா, நான் பிரிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடும்."

"சொல்றேங்க. லீவு முடியறதுக்குள்ள சொல்லிடுறேன்."*

(* பிரிந்த பிறகுதான் அவன் அவளை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தான். சண்டை போட்ட நாட்களில்கூட 'நீ'தான். அந்த மரியாதை அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

அவளை வில்லியாக்க முழுசாக ஒரு நாள் முயன்று பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்து, பெரியவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சின்னவளின் தலையை வாருகிறாள். அங்கே சம்பளம் அதிகம், வேலை நேரம் குறைவு. பிள்ளைகளோடு இருக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். இதில் எங்கே பிடித்து வில்லியாக்குவது? விட்டுவிட்டேன்.

3

தைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. தைக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எல்லார் கண்ணும் துணியில் இருக்கும். அந்தச் சமயம் பார்த்து, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

முதலில் காகிதச் சங்கிலி. பசை மேஜையிலிருந்து சின்னவளின் முடிக்கு ஏறியது. பிறகு ஜோடி தொலைத்த சாக்ஸில் முயல். உள்ளே அடைக்க அவனுடைய தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்தார்கள். பொம்மைகள் குண்டாகக் குண்டாக, தலையணை அப்பளமானது. பிறகு பழைய படுக்கை விரிப்பில் பை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, முதலில் தான் கற்று, அதே சூட்டில் சொல்லிக்கொடுத்தான். மெக்கானிக் புத்தி விடுமா? ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தான்.

"லோடு தாங்குதா பாரு."

சின்னவளுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. முயலின் காதில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டாள். காது பிய்ந்து பாட்டில் அவள் கால்மேல் விழுந்தது. "லோடு ஜாஸ்தி!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அவளுடைய தையல் ஒன்று நீளமாக இருக்கும், ஒன்று குட்டையாக, நடுவில் ஒன்று இல்லாமலே போகும். முன்பல் விழுந்த வாயோடு, "இது பல்லு விழுந்த தையல்ப்பா" என்று அவளே பெயரும் வைத்தாள். அதனால் அவன் கெட்டித் தையல் கற்றுக்கொடுத்தான். ஓர் அடி பின்னால் போய்க் குத்து, இரண்டு அடி முன்னால் வா. மறுபடி பின்னால்.

4

இனி அவன் சொல்ல முயன்றவை.

"கண்ணு, லீவு முடிஞ்சதும் நீங்க"

"அப்பா, நூல் முடிஞ்சு போச்சு."

இன்னொரு நாள்:

"ஏரோப்ளேன்ல போறதுன்னா உனக்குப் பிடிக்குமாடா?"

"ஹை! நீயும் வர்றியா?"

"முடிச்சு போட மறந்துட்ட பாரு. எடு, எடு."

மழை பெய்த நாளில்:

"அம்மாவுக்கு ஒரு புது வேலை"

(இந்த இடத்தில் குக்கர் விசில் அடித்தது. அடித்தது நான்தான். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அடுப்பில் ஒன்றை ஏற்றி வைத்தேன்.)

அவனால் முடியவில்லை என்றால் நானாவது எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். 'நீங்க ரெண்டு பேரும் இனிமே அம்மாவோட' வரை வந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். கொடித் துணிகளை மடித்தேன். தள்ளிப்போடுவதில் அவனுக்கு நான் சளைத்த ஆளில்லை.

5

பெரியவள் என் திட்டத்திலேயே இல்லை. ஒரு குழந்தை போதும் என்றுதான் நினைத்திருந்தேன். சின்னவளோடு கத்தரிக்குச் சண்டை போட ஒருத்தி வேண்டும் என்று சேர்த்தேன். வந்தவள் நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முயல் வேண்டாம், பை வேண்டாம். ஒரு மூலையில் உட்கார்ந்து பட்டன் மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுக்குக் கற்பனையே இல்லாத பிள்ளையா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அவனோ, "என்ன பட்டன் கம்பெனி ஓனரம்மா, வியாபாரம் எப்படி?" என்று கிண்டலடித்தான். அவள் சிரிக்கவில்லை. இவளை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு மத்தியானம், சின்னவள் தூங்கும்போது, வேலைக்கு அழைப்பு வந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் மக்கர். பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, யூனிஃபார்ம் சட்டைக்காக அலமாரியைத் திறந்தான். சட்டையில் பட்டன் ஒவ்வொன்றும் தடித்த நூலால் புதிதாகத் தைத்திருந்தது. அடுத்த சட்டையிலும் அப்படியே. கை மடிப்பில், காலரில், கீழே உள்பக்கம் இருக்கும் உபரிப் பட்டனில்கூட. வண்டி துடைக்க ஒதுக்கிய கந்தல் சட்டையையும் விட்டுவைக்கவில்லை.

"எதுக்குடா இவ்வளவும்?"

"கெட்டியா இருக்கட்டும்னுதான்." அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க போயிட்டா, அறுந்தாலும் நான் வந்து தைக்க முடியாதுல்ல."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அம்மா ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்காங்க, எனக்கும் அவளுக்கும். இங்க எதுக்குப்பா ஸ்வெட்டர்?"

அவன் கையிலிருந்த சட்டையை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"நீங்க சொல்ல வேணாம்ப்பா. உங்களால முடியல, பாத்துட்டுதான் இருக்கேன். அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

(இதோடு முடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன். இதைவிட நல்ல இடம் அமையாது. ஆனால் இவ்வளவு பெரிய பாரத்தை ஒரு பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு, கதை நன்றாக வந்தது என்று நான் எழுந்து போய்ச் சாப்பிட உட்காருவதா? மூடியைத் திறந்தேன்.)

"வேணாம்டா," என்றான் அவன். "அது அப்பாவோட வேலை. நான் சொல்றேன். நீ சுமக்காத."

அன்று லிஃப்ட் கூண்டின் மேல்தட்டில், மசகெண்ணெய் வாசனைக்கும் இரும்புக் கயிறுகளுக்கும் நடுவே உட்கார்ந்து அவன் அழுதான். அங்கே யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். மேலிருந்து ஒருவர், "ரெடி ஆச்சாப்பா?" என்று குரல் கொடுக்க, "ஆச்சு சார், ஒரு நிமிஷம்" என்று கத்தினான்.

6

கடைசி நாள் காலை. பிள்ளைகளின் அம்மா வந்து அழைத்துப் போக வேண்டிய நாள். சின்னவளை மடியில் உட்காரவைத்தான். அதுவரை மொண்ணை ஊசி பிடித்தவளுக்கு அன்றுதான் கூர் ஊசி கொடுத்தான். படுக்கை விரிப்புப் பைக்குக் கைப்பிடி தைக்க வேண்டும். பெரியவள் எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் தைக்காமல் அவனையே பார்த்தாள்.

"கண்ணு, அம்மாவுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ரொம்ப தூரம். நீயும் அக்காவும் அம்மாவோட அங்க போறீங்க. ஸ்கூலும் அங்கதான். அப்பா இங்க இருப்பேன்."

சொல்லிவிட்டான். நானும் எழுதிவிட்டேன். இவ்வளவுதான் அந்த வாக்கியம்.

"எவ்ளோ நாளு?" ஊசி நிற்கவில்லை.

"பெரிய லீவுக்கு வந்துடுவீங்க."

"சின்ன லீவுக்கு?"

"வர முடியாதுடா."

அவளைக் கதறவிட்டு ஒரு பிரதி எழுதினேன். ஊசியை வீசி எறிய வைத்து இன்னொன்று. இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை. அவள் "சரி" என்றாள். பிறகு அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே ஓர் அடி பின்னால் போய்க் குத்தி, இரண்டு அடி முன்னால் வந்து, நூலை இறுக்கி இழுத்துத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

கதவு மணி அடித்தது. அவளை இறக்கிவிட்டு எழுந்தான். அவளும் கூடவே மேலே வந்தாள். பை, அவள் ஃபிராக், அவன் சட்டை, மூன்றையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தாள். வரிசையாக, ஒரு பல்கூட விழாத கெட்டித் தையல்.

வேண்டுமென்றே செய்தாள் என்று எழுதினால் நீங்கள் இன்னும் கொஞ்சம் அழுவீர்கள், எனக்கும் பெயர் கிடைக்கும். ஆனால் அது பொய். மடியில் வைத்துத் தைக்கும் குழந்தைகள் எல்லோரும் ஒருநாள் இதைச் செய்வார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

"ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேன்ப்பா," என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற அம்மாகூட. அந்த வீட்டில் நால்வரும் சேர்ந்து சிரித்து ரொம்பக் காலமாகியிருந்தது.

அம்மா உள்ளே வந்து கத்தரியை எடுத்துக் குனிந்தாள். தையலுக்கு அடியில் கத்தரி நுனியை நுழைத்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம். அப்படியே வரட்டும்."

"வண்டி நிக்குதேங்க. இப்படியே எப்படி?"

"ஷர்ட்டைக் கழட்டிக் குடுங்க. நான் அங்க போய்ப் பொறுமையாப் பிரிச்சுக்கிறேன்."

அவன் கழற்றினான். எங்காவது ஊசி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவள் சட்டையை முழுக்கத் தடவிப் பார்த்தாள், ஃபிராக்கையும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. (லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதை வைத்து ஒரு நகைச்சுவை யோசித்திருந்தேன். இப்போது சொல்ல மனமில்லை.) மூவரும் படியில் இறங்கினார்கள். சின்னவளின் வயிற்றிலிருந்து அப்பாவின் சட்டை தொங்கியது. கை ஒன்று படியில் புரளாமல், பெரியவள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவன் பனியனோடு மேலே நின்றான். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

7

இங்கே முடிவுகளை அடுக்க வேண்டும். அடுக்கிப் பார்த்தேன். அந்த ஊரில் அவள் தையலைப் பிரிக்காமல் சட்டையை ஆணியில் மாட்டுகிறாள் (நாடகம்). விமான நிலையத்திலிருந்து திரும்பி வருகிறார்கள் (எனக்கும் ஆசைதான், வேலையில் சேரும் நாள் தள்ளிப்போகாது). அடுத்த பெரிய லீவில் சின்னவள் உயரமாக வந்து (தாங்காது).

உண்மையில் நடந்தது இது. அவன் உள்ளே வந்து, மேஜைமேல் கிடந்த ஊசிகளை எடுத்து ஒவ்வொன்றாக டப்பாவில் செருகினான். கூர் ஊசியைக் காணோம். தரையில் மண்டியிட்டான். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற வீடு, ஊசி கீழே கிடந்தால் என்னாவது? சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். பாயை உதறினான். கன்னம் தரையில் பட, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான். இனிமேல் அங்கே யாரும் வெறுங்காலோடு ஓடப்போவதில்லை என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

ஊசி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கிடைத்துவிட்டால் அவன் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் நீங்கள் போய்த் தேடிக் கொடுங்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. நான் போகவில்லை.