மதகு படித்த எண்கள்

தண்ணீர் முறை தொடங்கிக் கால் மணி நேரமாகியும் மதகு அசையவில்லை. அர்ஜென்டினாவின் மெந்தோசாவில் வாய்க்கால் யாருக்காகவும் நிற்காது. உன் முறையில் நீ வாங்காவிட்டால் தண்ணீர் அடுத்தவன் தோட்டத்துக்குப் போய்விடும், பிறகு அடுத்த வாரம்தான். இந்த ஜனவரிக் கோடை வெயிலில் காசிமிரோவின் திராட்சைக் கொடிகள் அதுவரை தாங்காது. மதகின் கைச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மோட்டாரும் கம்ப்யூட்டரும் வைக்கலாம் என்று வாய்க்கால் சங்கத்தில் மல்லுக்கட்டியவளே இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நெலிதாதான். இப்போது திருப்ப ஒரு சக்கரம்கூட இல்லை.

மதகுக் கொட்டகை வாசலில் காசிமிரோ மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"ஏம்மா, உன் மெஷின் தூங்குதா? ஒரு மாத்தே டீ கலந்து குடுக்கட்டுமா?"

"கொஞ்சம் பேசாம இருங்க ஐயா."

"நான் இருந்துடுவேன். கொடி இருக்குமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கண்டுபிடிக்காமல் இந்த நாற்காலியை விடுவதில்லை.

வழக்கமான ஒரே வரிதான். seq என்று அடித்து, எங்கே தொடங்கி, எவ்வளவு ஏற்றி, எதுவரை என்று சொன்னால் எண்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் மோட்டார் மதகைக் கொஞ்சம் தூக்கும். ஒரேயடியாகத் திறந்தால் கரை உடைந்துவிடும். இன்று மோட்டார் சொன்ன பதிலெல்லாம் பூஜ்யம். வரிசையை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பார்த்தாள்.

0,1
0,2
0,3

சரியாகத்தானே இருக்கிறது என்று கண் தாண்டிப் போனது. இந்த ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்து மளிகைக்கடை வரை தசமப் புள்ளிக்குப் பதிலாகக் கமாதான். திரும்ப வந்தபோதுதான் உறைத்தது. மதகுக் காவலாளிகளுக்குப் புரியட்டும் என்று நேற்று மெஷினை ஸ்பானிஷுக்கு மாற்றியவள் அவளேதான். புள்ளி கமாவாகிவிட்டது. மோட்டார் கமாவரை, அதாவது வெறும் பூஜ்யத்தை மட்டும், படித்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறது.

"தப்பு என்னுது ஐயா. மோட்டாருக்குக் கமா புரியல."

"அப்ப அது நம்ம ஊர் மோட்டார் இல்ல," என்றார் அவர், சிரிக்காமல்.

கட்டளைக்கு முன்னால், எண்களைப் புள்ளியோடே எழுதச் சொல்லும் LC_ALL=C என்பதைச் சேர்த்து அடித்தாள். புள்ளிகள் வந்தன. மோட்டார் முனகியது. மதகுக்கு அடியில் தண்ணீர் பழுப்பாகக் கசிந்து, பிறகு புரண்டு வந்தது.

அதற்குள் முறையில் பாதி போய்விட்டிருந்தது.

"கடைசிக் கொடி வரிசை வரைக்கும் போகுமா?" என்று கேட்டாள்.

"சருகு அடைக்கலன்னா போகலாம்."

நெலிதா மூலையில் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் தோட்டத்து வாய்க்காலில் இறங்கினாள். சருகை வாரி வாரிக் கரையில் எறிந்தபடி இருவரும் நடந்தார்கள். நுரை கட்டிய தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டுத் தொட்டுப் பின்னாலேயே வந்தது.