தண்ணீர் திரும்பிய பக்கம்

பாத்திக்குப் போக வேண்டிய தண்ணீர் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பியதை முதலில் பார்த்தது டிரைவரின் மனைவிதான். வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டுக் கத்தரிச் செடிகளுக்கு மடை திறந்துவிட்டாள். வாய்க்காலில் கொஞ்ச தூரம் ஓடிய தண்ணீர் தயங்கி நின்றது. பிறகு வந்த வழியே பின்வாங்கி, கரையை உடைத்துக்கொண்டு கொட்டகையை நோக்கிப் போனது.

"மண்வெட்டி பிடிக்கத் தெரியலன்னா சொல்லு, நான் வெட்டுறேன்" என்றார் டிரைவர், கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டே.

"இத்தனை வருஷமா என் மண்வெட்டிக்குக் கட்டுப்பட்ட தண்ணிதாங்க. இன்னைக்கு மட்டும் என்ன கோவம் அதுக்கு?"

அவர் வந்து கரையைத் தட்டிக் கட்டினார். தண்ணீர் மறுபடியும் உடைத்தது. "மண்ணு இளகியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிரைவர் வாழ்நாள் பூராவும் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் கையில் வந்ததையெல்லாம் போட்டு வாங்கிய நிலம் இது. வீட்டைக் கொத்தனார் கட்டினார்; ஆட்டுக் கொட்டகையை மட்டும் தானே கட்டினார். குழி தோண்டியதும் தூண் நட்டதும் தகரம் அடித்ததும் அவர்தான். வருகிறவர்களிடம் வீட்டைக் காட்ட மாட்டார், கொட்டகையைத்தான் காட்டுவார். அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, இவர்களோடு வந்து சேர்ந்திருந்தார். "பொண்டாட்டிக்கு ஒரு ரூம், ஆட்டுக்கு அரண்மனை" என்று தம்பியைக் கிண்டல் செய்வார்.

அந்த வாரமே கொட்டகைக் கதவு மூட மறுத்தது. டிரைவர் அடிப்பக்கத்தை இழைத்துவிட்டார். ஒழுங்காக மூடியது. மறுநாள் மேல்பக்கம் இடித்தது.

"ஈரத்துல மரம் ஊதியிருக்கு" என்றார்.

அக்கா கதவைப் பார்க்காமல் நிலைச்சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், கதவு வீங்கல. சட்டம்தான் சாய்ஞ்சிருக்கு."

"உனக்குப் பார்க்கிறதெல்லாம் நோயாளிதான்கா."

"நோயாளியாவது வலிக்குதுன்னு சொல்லுவான்."

வேலிக் கம்பியும் மாறியிருந்தது. தெற்குப் பக்கம் தொய்ந்து கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் மட்டும் முறுக்கேறி, காற்று பட்டாலே முனகியது. ஆடுகளெல்லாம் வாசல் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு படுத்தன. உள்மூலையில் வைக்கோல் கசங்காமல் அப்படியே இருந்தது. மகாராணி என்று அவர்கள் கூப்பிடும் வெள்ளாடு நிறைசினையாக இருந்தது. அதை உள்ளே இழுத்துப் போக டிரைவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் அது மழைத்தூறலில், வெளியே சேற்றிலேயே இரண்டு குட்டி போட்டது.

"பேருக்கேத்த திமிரு" என்றார் டிரைவர். குட்டிகளைத் துடைத்து உள்ளே கொண்டுபோய் விட்டார். மகாராணி வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்குவாரி. பள்ளத்தில் ஊறும் தண்ணீரை அங்கே ஓயாமல் இறைத்தார்கள். என்ஜின் சத்தம் இவர்களுக்குப் பழகிப்போய்க் காதில் விழுவதே இல்லை. இப்போது டிரைவரின் மனைவிக்கு அது கேட்க ஆரம்பித்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்தது.

ஒருநாள் வாத்து முட்டை தேடிக் கொட்டகைக்குப் பின்னால் போனவள், தரையில் ஒரு வெடிப்பைப் பார்த்தாள். விரல் நுழையும் அகலம்தான். வெயிலில் காய்ந்த வெடிப்பு என்று நினைக்க முடியவில்லை. மழை பெய்து மண் சொதசொதவென்று இருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

இருவரும் ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றினார்கள். உறிஞ்சிக்கொண்டது. இன்னொரு வாளி ஊற்றினார்கள். அதுவும் போனது. மூன்றாவதை ஊற்றிவிட்டு, இருவரும் குனிந்து காதை வைத்துக் கேட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ கீழே, ரொம்பக் கீழே, தண்ணீர் தண்ணீரில் விழும் சத்தம்.

"அண்ணி, கேட்டுச்சா?" என்றாள் டிரைவரின் மனைவி.

"கேட்டுச்சு. கேட்காமலே இருந்திருக்கலாம்."

டிரைவரிடம் சொன்னார்கள். அவர் கல்லும் மண்ணும் கொண்டுவந்து வெடிப்பை நிரப்பினார். மேலே சிமென்ட் பூசினார். கரண்டியால் வழவழவென்று தேய்த்துவிட்டார்.

"காயத்துக்கு மேல பவுடர் போடுற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

"ஆடு மாடு வளர்க்கிற இடத்துல எலி வளை இருக்கும், பாம்புப் புத்து இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து பூச்சாண்டி காட்டாதீங்க. இந்தக் கொட்டகையை நான் கட்டினேன். அஸ்திவாரம் எனக்குத் தெரியும்."

"அஸ்திவாரம் தெரியும் சரி, அதுக்குக் கீழ?" என்றாள் மனைவி.

அவர் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைத் தொட்டுக் காட்டினாலும் பலனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவர் முட்டையும் கீரையும் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். ஸ்கூட்டர் சத்தம் மறைந்ததும் இரண்டு பெண்களும் வேலையில் இறங்கினார்கள். ஆடுகளை அவிழ்த்து வீட்டுக்கு முன்பக்கம் கொண்டுபோய்க் கட்டினார்கள். குட்டிகளைக் கூடையில் தூக்கிப் போனார்கள். கோழிகளைப் பிடிக்கத்தான் உயிர் போனது. ஊரையே மிரட்டும் சேவல் அக்காவின் முந்தானைக்குள் சுருண்டு வந்தது. தவிட்டு மூட்டைகளை வெளியே இழுத்தபோது டிரைவரின் மனைவி தரையைப் பார்த்தாள். பூசிய சிமென்ட் ஓடாக உடைந்து உள்ளே இறங்கியிருந்தது. வெடிப்பு சுவரடியில் புகுந்து கொட்டகைக்குள் வந்திருந்தது.

டிரைவர் திரும்பி வந்தபோது ஆடுகள் அவருடைய ரோஜாச் செடிகளைத் தின்றுகொண்டிருந்தன.

"யாரைக் கேட்டு அவிழ்த்தீங்க?"

"யாரையும் கேக்கல. உள்ள வந்து தரையைப் பாருங்க, வேண்டாம், உள்ள போகாதீங்க, வெளியில நின்னு பாருங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று நடந்து கொட்டகைக்குள் போனார். நடுவில் நின்று காலை ஓங்கித் தரையில் மிதித்தார். "பாரு! எங்கயாவது அசையுதா?" இன்னொரு முறை மிதித்தார். "கல்லு மாதிரி இருக்கு!"

அசையவில்லை. அவர் ஜெயித்த முகத்தோடு வாசலுக்கு வந்தார். அப்போது பின்சுவர் ஓசையில்லாமல் கீழே போனது. விழவில்லை; நின்றபடியே, லிஃப்டில் இறங்குகிற ஆள் மாதிரி இறங்கியது. பிறகுதான் தகரம் கிழிந்து அலறியது. வாசற்படி அவர் காலடியில் சரிந்தது. மார்புவரை மண்ணுக்குள் போய், நிலைச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

மனைவி ஓடினாள்.

"படு! நிக்காதே, படுத்துக்கோ!" அக்காவின் குரல் ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்கும் பழைய குரல். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் சுற்றிக் கட்டி, மறு நுனியை வீசினார். மனைவி வயிற்றால் ஊர்ந்து போய் அதை அவருடைய அக்குளுக்கடியில் நுழைத்தாள். அவள் முகத்துக்கு நேரே அவர் முகம். அதில் கோபமோ பயமோ இல்லை. சின்னப் பிள்ளைக்கு வரும் திகைப்புதான் இருந்தது.

"கீழ ஒண்ணுமே இல்லடி" என்றார். "காலு எதுலயும் படல."

இரண்டு பேரும் இழுத்தார்கள். அவர் வெளியே வந்ததும் சட்டம் உள்ளே போனது. ஒரு கணுக்கால் கோணலாகத் திரும்பியிருந்தது. மூவரும் தொட்டிவரை தவழ்ந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது கொட்டகை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி. அதன் அடியிலிருந்து, ஓடுகிற தண்ணீரின் சத்தம் வந்தது.

"குட்டிங்க?" என்று கேட்டார்.

"கூடையில இருக்கு."

அவர் மனைவியின் கையைப் பிடித்துத் தன் கண்மேல் வைத்துக்கொண்டார்.

அரசாங்கத்திலிருந்து அளக்க வந்தவர்கள் நிலத்தைச் சுற்றி நாடா கட்டினார்கள். இங்கே பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் என்றும், அதிலுள்ள பொந்துகளில் தண்ணீர் வற்றினால் மேல்மண் உள்ளே இறங்கும் என்றும், உடனே காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். எதனால் வற்றியது என்று அக்கா கேட்டதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஊருக்குள் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. ஆடு வைக்க இடமில்லை. தெரிந்தவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். குட்டிகள் வேனில் ஏறும்போது டிரைவர் கட்டுப்போட்ட காலோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கால் தேறியதும் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார்.

மழைக்காலம் முடியும் சமயம், பழைய பக்கத்துத் தோட்டக்காரர் தேடி வந்தார். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க சமையல்கட்டும் போயிடுச்சுங்க" என்றார் அவர். "நேத்து. இப்போ எங்க வாய்க்கால்ல தண்ணி ஒரு பக்கமா திரும்புது. நான்தான் சரியா வெட்டலன்னு வீட்டுல சொல்றாங்க."

டிரைவர் பிசைந்த கையோடு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க, போய் உங்க ஆட்களைக் கூட்டிக்கிட்டு வந்துடலாம்" என்றார். "நான் வேனை எடுக்கிறேன்."