எட்டு மில்லி சல்லடை

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆனைக்கரையில் ஏலக்காய் தரம்பிரிக்கும் கற்பகம், அச்சடித்த தாள் ஒன்றை எட்டு மில்லி துளைச் சல்லடையில் போட்டு ஆட்டினாள். எழுத்தெல்லாம் புள்ளிப் புள்ளியாக மேலெழும்பி நின்றது. விரலால் தடவி வாசித்தாள். அன்றைக்கு மழையும் பெய்தது.

ஒன்பது வயதில் பார்வை போனவள் அவள். பள்ளிக்கூடத்தில் புள்ளியெழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். புத்தகம் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, வந்துகொண்டிருக்கிறது என்று அச்சடித்த கடிதம் வந்தது. சரி, நாமே செய்வோம் என்று தாளில் ஏலவிதை ஒட்டிப் பார்த்தாள். இரண்டு பாடத்தை எலி தின்றது. பதினொரு மாதம் கழித்துச் சல்லடை கைகொடுத்தது. ஒரு குறை, சலிக்கும் பழக்கம் அதைவிட்டுப் போகவில்லை. நிஜம் மேலே நிற்கும். பொய் கறுப்புத் தூளாகக் கீழே கொட்டும்.

அந்த மாதமே எஸ்டேட் மானேஜர் சுவக்கீன், கற்பகம் குடியிருந்த தொழிலாளர் லயத்துக்கு வந்தார். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பம். வீட்டுக்கொரு தாள் நீட்டி, வாசித்தும் காட்டி, கூரை மாற்ற ஒப்பு, அதாவது கையெழுத்து, வேண்டும் என்றார். பதினொரு வீடும் பெருவிரலை உருட்டியது.

“ஏட்டி, எல்லாரும் வச்சாச்சு. ஒனக்கு மட்டும் என்ன கொள்ள?” என்றாள் அம்மா சுருளியம்மாள்.

“வாசிச்சுட்டு வைக்கேன்.”

“கண்ணில்லாத புள்ள வாசிக்கப் போவுதாம்!” மானேஜர் சிரித்தார்.

“கண்ணுள்ளவரு வாசிச்சதத்தான் கேட்டோமே, சார்.”

ஆட்டினாள். அவள் வீட்டுத் தாளில் மூன்று பக்கமும் கொட்டியது. நின்றது ஒரே வரி: வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

குருட்டு யந்திரத்துக்கு என்ன சாட்சி என்று மானேஜர் கேட்டார். கருவியைப் பரிசோதிக்க ஐவர் குழு வந்தது. ஐவருக்கும் அருமையான பார்வை. ஒரு மணிநேரம் சல்லடையைப் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். ஒருவரும் தொடவில்லை. அவளை அவர்கள் முன் அவமானப்படுத்த, மானேஜரே பதினொரு தாளையும் தூக்கிச் சல்லடையில் போட்டார். “எங்கே, வாசி!”

ஆட்டினாள். சம்மதம் என்ற சொல் கொட்டியது. பின்னாலேயே பதினொரு விரல்ரேகையும் உதிர்ந்தன. சுருளியம்மாள் துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள். மறுபடி விரல் உருட்ட யாரும் வரவில்லை.

கருவி பார்வைக்குத் தெளிவாக இல்லை, ஆவணங்களையும் சேதப்படுத்துகிறது என்று குழு நிராகரித்தது. கற்பகம் அந்தக் கடிதத்தையும் சலித்தாள். தேதி மட்டும் நின்றது.

இப்போது ஆனைக்கரையில் கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சலிக்காமல் யாரும் நம்புவதில்லை. லயத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அடியில் பாத்திரம் வைக்கப் பன்னிரண்டு குடும்பமும் அங்கேயேதான் இருக்கிறது.